நிலவுக்கு விழா எடுத்தவர்கள் யார்? சீன நடு இலையுதிர்க்கால விழாவின் தோற்றம் குறித்து

கேள்வி

சீனச் சந்திர நாட்காட்டியில் ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதங்கள் இலையுதிர்க்காலம். இவற்றின் நடுமாதமான எட்டாம் மாதத்தில், நடுநாளான பதினைந்தாம் நாள், முழுநிலவில் வருவது ஜொங்ச்சியூ என்னும் நடு இலையுதிர்க்கால விழா. இலையுதிர்க்காலச் சமஇரவு நாள் எட்டாம் மாதத்துக்குள் விழும்படி அந்த நாட்காட்டி அமைந்திருக்கிறது. ஆகவே நம் கணக்கில் இது ஆவணிப் பௌர்ணமியாகவோ புரட்டாசிப் பௌர்ணமியாகவோ வரும். 2024இல் செப்டம்பர் 17 அன்றும் 2025இல் அக்டோபர் 6 அன்றும் வந்தது. அன்றிரவு குடும்பம் கூடி உண்பதும், சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் மூன்கேக் என்று சொல்லும் நிலா அப்பத்தைப் பகிர்வதும், விளக்கேந்திய குழந்தைகளோடு நிலவைப் பார்ப்பதும் இன்று எங்கும் காணக்கூடிய வழக்கங்கள்.

இந்த விழா எப்போது தோன்றியது என்று கேட்டால் மூன்று விடைகள் சேர்ந்தே கிடைக்கின்றன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜோ அரசர்கள் நிலவுக்குச் செய்த பலியிலிருந்து வந்தது என்பது ஒன்று. அமுதத்தைக் குடித்துவிட்டு நிலவுக்குப் பறந்த சாங்-அ என்னும் பெண்ணின் கதையிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. மங்கோலியர் ஆட்சியை வீழ்த்த அப்பத்துக்குள் சீட்டு வைத்து அனுப்பிய கிளர்ச்சியின் நினைவு என்பது மூன்றாவது. மக்களுக்கான நூல்கள் இம்மூன்றையும் ஒரே பக்கத்தில் அடுக்கிவிடுகின்றன. இவை ஒன்றோடொன்று பொருந்துமா, ஒவ்வொன்றுக்கும் எந்தக் காலத்துச் சான்று இருக்கிறது என்பவை அங்கே கேட்கப்படுவதில்லை.

காலவரிசையில் சான்றுகளை வைத்துப் பார்த்தால், விழாவை உருவாக்கிய பங்கில் பெரும்பகுதி அரசர்களுக்கும் தொன்மத்துக்கும் சேராது என்பதே என் முடிவு. இரவில் தெருவில் நடமாட அனுமதி பெற்ற சொங் காலத்து நகரமக்களும், முற்றத்தில் படையலிட்ட மிங் காலத்துக் குடும்பப் பெண்களுமே இதை விழாவாக்கினார்கள்.

அரசச் சடங்கும் முழுநிலவும்

'ஜோ அரசமரபின் சடங்குகள்' என்று பொருள்படும் ஜோலி என்னும் தொன்னூலில் 'ஜொங்ச்சியூ' என்ற சொல் வருகிறது. விழாவின் பழமைக்கு முதல் சான்றாக எல்லோரும் காட்டுவது இதைத்தான். ஆனால் அந்த இடத்தில் நடப்பது வேறு. வசந்தத்தின் நடுமாதத்தில் பகலில் மண்முரசு அறைந்து வெப்பத்தை எதிர்கொள்கிறார்கள். இலையுதிர்க்காலத்தின் நடுமாதத்தில் இரவில் முரசு அறைந்து குளிரை வரவேற்கிறார்கள். சொல் ஒரு பருவத்தைக் குறிக்கிறது, ஒரு நாளைக் குறிக்கவில்லை. பதினைந்தாம் நாளோ முழுநிலவோ அங்கே இல்லை.

அரசர்கள் நிலவுக்குப் பலி செய்தது உண்மை. ஆனால் அது சமஇரவு நாளன்று நடந்த சடங்கு. சமஇரவு சூரியனின் நிலையால் வருவது. நிலவின் பிறைக்கணக்கோடு அதற்குத் தொடர்பில்லை. அன்று அரைநிலவாக இருக்கலாம், அமாவாசையாகவும் இருக்கலாம். மிங் பேரரசர் ஜியாஜிங் 1530இல் பெய்ஜிங்கின் மேற்கே கட்டிய நிலா மேடையும் இந்தச் சமஇரவுச் சடங்குக்கே உரியது. பேரரசர் நேரில் போவது மூன்றாண்டுக்கு ஒருமுறை; மற்ற ஆண்டுகளில் அதிகாரி ஒருவர் போவார். பொதுமக்களுக்கு அங்கே இடமில்லை. ஊரே முழுநிலவைக் கொண்டாடிய காலத்திலும் அரசு தன் சடங்கைச் சமஇரவிலேயே வைத்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்திருந்தால் இரண்டும் இவ்வளவு காலம் தனித்தனி நாள்களில் நடந்திருக்கத் தேவையில்லை.

எதிர்த்திசையில் ஒரு சான்றும் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் ஜொங் லின் என்பவர் யாங்சே ஆற்றின் நடுப்பகுதி மக்களின் ஆண்டு வழக்கங்களைத் தொகுத்தார். ஏழாம் மாத ஏழாம் நாள் இரவும், ஒன்பதாம் மாத ஒன்பதாம் நாளில் மேட்டு நிலம் ஏறி விருந்துண்பதும் அதில் இருக்கின்றன. எட்டாம் மாதம் பதினான்காம் நாள் குழந்தைகளின் நெற்றியில் நோய்த்தடுப்பாகச் செந்நீர்ப் பொட்டு வைக்கும் வழக்கத்தைக்கூட அவர் விடவில்லை. மறுநாளைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ஒரு நூலின் மௌனம் முழுச் சான்றாகாது என்பது தெரிந்ததே. ஆனால் முந்தின நாளின் சிறு பொட்டைக் கண்டவர், அடுத்த இரவில் ஊர் முழுக்க விழா நடந்திருந்தால் அதைக் காணாமல் விட்டிருப்பார் என்பதை ஏற்பது கடினம்.

தொன்மம் முந்தியது, விழா பிந்தியது

சாங்-அ கதையின் பழமையில் ஐயமில்லை. ஹூபெய் மாநிலம் வாங்ஜியாதாயில் 1993இல் அகழப்பட்ட ச்சின் காலக் கல்லறையின் மூங்கில் ஏடுகளில், சாவா மருந்தைத் திருடி நிலவுக்கு ஓடிய பெண்ணின் குறிப்பு இருக்கிறது. அங்கே அவள் பெயர் ஹெங் என்று தொடங்குகிறது. ஹான் பேரரசர் வென்னின் இயற்பெயரும் ஹெங் என்பதால் பின்னாளில் அந்த எழுத்து விலக்கப்பட்டுச் சாங் என்றானது. கி.மு. 139இல் பேரரசர் வூவிடம் அளிக்கப்பட்ட ஹுவாய்னான்ஜி, வில்லாளன் யீ மேற்றிசை அரசித்தாயிடம் பெற்ற மருந்தை அவள் திருடியதாகச் சொல்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு வானியலாளர் ஜாங் ஹெங்கின் பெயரால் வழங்கும் நூலில் அவள் நிலவில் தேரையாகிவிடுகிறாள். இன்று அப்பப் பெட்டிகளில் அச்சாகும் அழகிய தேவதைக்கு முன்னோடி இந்தத் தேரை. 1972இல் மவாங்துயியின் ஹான் காலக் கல்லறையில் கிடைத்த பட்டுத் திரையில், இறந்த சீமாட்டியின் தலைக்கு மேலே பிறைநிலவில் தேரையும் முயலும் தெளிவாகத் தீட்டப்பட்டிருக்கின்றன.

இந்தச் சான்றுகளின் பொருள் இறப்பு, சாவாமை, மறுமை. இவற்றுள் மூங்கில் ஏடுகளும் பட்டுத் திரையும் கல்லறைகளில் கிடைத்திருப்பது தற்செயலில்லை. எட்டாம் மாதப் பதினைந்தாம் நாளோடு இவற்றுள் எதுவும் இணையவில்லை. முயலின் கதையில் நமக்குப் பழக்கமான ஓர் இழையும் கலந்திருக்கிறது: தன்னையே நெருப்பிலிட்டு விருந்தளித்த முயலை நிலவில் பதித்த பௌத்த சாதகக் கதையை ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வாரணாசிப் பகுதியில் கேட்டு எழுதிவைத்தார். ஆனால் மவாங்துயி முயல் அவருக்கு எண்ணூறு ஆண்டு மூத்தது. ஆகவே நிலவின் முயல் இந்தியாவிலிருந்து போனது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

தாங் காலமும் சில்லாத் துறவிகளும்

எட்டாம் மாத முழுநிலவைத் தனிச்சிறப்போடு பார்க்கும் வழக்கம் தாங் காலத்தில் தெளிவாகத் தெரிகிறது. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒவ்யாங் ஜான் என்ற அறிஞர், தலைநகர் சாங்கானில் நண்பர்களோடு நிலவைப் பார்த்து எழுதிய கவிதையின் முன்னுரையில் அதற்குக் காரணமே தருகிறார். குளிர்காலத்தில் உறைபனி, கோடையில் மேகம். இலையுதிர்க்காலம் இரண்டுக்கும் நடு. எட்டாம் மாதம் அந்தப் பருவத்துக்கு நடு. பதினைந்தாம் நாள் அந்த மாதத்துக்கு நடு. அந்த இரவு எல்லோருக்கும் தெரிந்த விழாவாக இருந்திருந்தால் இவ்வளவு முயன்று நியாயம் சொல்லியிருக்க வேண்டாம் என்றே தோன்றுகிறது.

இதே காலத்தின் இன்னொரு சான்று பெரிய விவாதத்தைக் கிளப்பியிருக்கிறது. 838 முதல் 847 வரை தாங் நாட்டில் தங்கிய ஜப்பானியத் துறவி 'என்னின்' நாட்குறிப்பு எழுதினார். 839இல் ஷான்தோங் கடற்கரையில், கொரியாவின் சில்லா நாட்டவர் நடத்திய மடத்தில் அவர் இருந்தபோது எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள் வந்தது. மாவுப் பண்டங்களும் அப்பங்களும் செய்து, ஆடலும் பாடலுமாக மூன்று நாள் கொண்டாடினார்கள். இந்த விழா வேறெந்த நாட்டிலும் இல்லை, சில்லாவுக்கு மட்டுமே உரியது, ஒரு போர் வெற்றியின் நினைவு இது என்று மூத்த துறவிகள் அவரிடம் சொன்னார்கள்.

1145இல் தொகுக்கப்பட்ட கொரிய வரலாற்று நூலான சாம்குக் சாகி, சில்லாவின் பெண்கள் இரு அணியாகப் பிரிந்து ஒரு மாதம் நெசவுப் போட்டி நடத்தி இதே நாளில் முடித்ததாகவும், தோற்ற அணி விருந்தளித்ததாகவும் சொல்கிறது. அதைவிட முந்திய சீன வரலாறான சுயி அரசமரபு நூலும், சில்லாவில் அன்று இசை முழங்க அதிகாரிகள் வில்லெய்து குதிரையும் துணியும் பரிசு பெற்றதைக் குறிக்கிறது. இவற்றைக் கொண்டு, சீனரின் விழாவே சில்லாவிலிருந்து வந்தது என்று வாதிட்ட ஆய்வாளர்கள் சீனாவிலேயே உண்டு.

இந்த வாதத்தில் பாதியை ஏற்கலாம். 839இல் அந்தக் கடற்கரைச் சீனர்கள் அன்று பெருவிழா எதையும் எடுக்கவில்லை என்பதற்குத் துறவிகளின் பேச்சு நல்ல சான்று. கடன்வாங்கலுக்கு அது சான்றாகாது. சில்லாவினர் கொண்டாடியது வெற்றியையும் நெசவையும் வில்லையும். நிலவு அங்கே பேசப்படவில்லை. சாங்கான் கவிஞர்கள் பார்த்தது நிலவை மட்டும். கொரியர்களின் சூசொக் விழாவும் சீனரின் ஜொங்ச்சியூவும் ஒரே இரவுக்கு வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்தன என்பதே கிடைக்கும் ஆதாரங்களுக்குப் பொருந்துகிறது.

தெருவுக்கு வந்த இரவு

தாங் காலத்தில் நிலவு ஏன் விழாவாகவில்லை? இதற்கு நகர அமைப்பில் ஒரு விடை இருப்பதாக நினைக்கிறேன். தோற்றம் பற்றிய பேச்சில் இதற்குக் கிடைக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை. சாங்கான், மதில் சூழ்ந்த குடியிருப்புப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட நகரம். மாலை முரசு ஒலித்ததும் வாயில்கள் அடைபடும். அதன்பின் பெருந்தெருவில் நடமாடுவது குற்றம். முதல் மாதத்து விளக்கு விழாவின் சில இரவுகளுக்கு மட்டும் தடை தளரும். எட்டாம் மாத முழுநிலவுக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே அதிகாரிகள், அறிஞர்கள், துறவிகள் தங்கள் முற்றத்திலும் மடத்திலும் கூடி நிலவைப் பார்த்தார்கள். கவிதை பிறந்தது, விழா பிறக்கவில்லை.

965இல் சொங் அரசமரபின் முதல் பேரரசர், தலைநகர் கைஃபெங்கின் இரவுச் சந்தைகளை மூன்றாம் யாமம் வரை தடுக்கக் கூடாது என்று ஆணையிட்டார். பகுதி மதில்களும் காலப்போக்கில் பயனற்றுப் போயின. கடைகள் தெருவைப் பார்த்துத் திறந்தன. நிலவொளி ஊருக்கே பொதுவானது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான்.

மாற்றத்தின் பலனை மெங் யுவான்லாவ் எழுதிய நினைவு நூலில் பார்க்கலாம். 1127இல் கைஃபெங் ஜுர்ச்சென்களிடம் வீழ்ந்தபின் தெற்கே வந்தவர் அவர். 1147இல் முன்னுரை எழுதினார். நடு இலையுதிர்க்காலத்துக்கு முன்பே மதுக்கடைகள் முகப்பைப் புதுப்பித்துப் புது மதுவை விற்கின்றன. நண்பகல் தாண்டுவதற்குள் சரக்கு தீர்ந்து, கடையடையாளக் கொடியை இறக்கிவிடுகிறார்கள். நண்டு அப்போதுதான் சந்தைக்கு வருகிறது. மாதுளை, பேரி, திராட்சை, கஷ்கொட்டை குவிகின்றன. இரவில் செல்வர்கள் தங்கள் மாடங்களை அலங்கரிக்கிறார்கள். மற்றவர்கள் உணவுக்கடைகளின் மேல்மாடியில் இடம்பிடிக்க முந்துகிறார்கள். குழந்தைகள் விடிய விடிய விளையாடுகிறார்கள், சந்தையில் கூட்டம் விடியும்வரை கலையவில்லை. இழந்த ஊரை நினைத்து எழுதியவரின் ஏக்கம் இதில் கூடியிருக்கக்கூடும். ஆனால் புது மதுவும் நண்டும் அரசச் சடங்கிலிருந்தோ தொன்மத்திலிருந்தோ வந்தவையல்ல. அறுவடைப் பருவத்தில் ஒரு பெருநகரத்தின் சந்தை அவற்றைக் கொண்டுவந்தது.

தெற்குச் சொங்கின் தலைநகரமான ஹாங்ஜோவைப் பற்றி வூ ஜிமு எழுதியதில் ஒரு செய்தி என்னை நிறுத்திவைத்தது. சந்துகளில் வாழும் ஏழைகளும் உடுத்த துணியை அடகுவைத்து மது வாங்கி, அந்த இரவை வெறுமனே கழிக்க மறுத்தார்கள் என்கிறார். ஒரு வழக்கம் விழாவாகிவிட்டது என்பதற்கு இதைவிட உறுதியான அடையாளம் வேண்டியதில்லை: வசதியில்லாதவரும் விட்டுவிட முடியாத நாள் அது. ஜோ மி என்பவர், அன்று ஆற்றில் மிதக்கவிட்ட ஆட்டுத்தோல் விளக்குகள் பல லட்சம் என்று எழுதுகிறார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம், காட்சி பொய்யில்லை. மூன்று நாள் கழித்து, எட்டாம் மாதம் பதினெட்டாம் நாள், அதே ச்சியான்தாங் ஆற்றில் கடலலை சுவர்போல் எழுந்து உள்நோக்கி வரும். சமஇரவை ஒட்டிய முழுநிலவின் ஈர்ப்பு அதற்குக் காரணம். வண்ணக் கொடிகளை ஏந்தி அலைக்குள் நீந்திய இளைஞர்களைக் காண ஊர் திரண்டு கரைக்குப் போனது. ஹாங்ஜோவில் நிலவுக் களிப்பு ஒரே இரவோடு முடியவில்லை.

அப்பமும் முற்றமும்

சொங் நகரங்களின் இந்தக் கொண்டாட்டத்தில் நிலா அப்பம் இல்லை. 'நிலா அப்பம்' என்ற பெயர் ஹாங்ஜோ நூல்களில் வருகிறது. ஆனால் கடைகளில் கிடைக்கும் பண்டங்களின் பட்டியலில், செவ்வந்தி அப்பம், பிளம்பூ அப்பம் ஆகியவற்றுக்கு அருகில் வருகிறது. விழாவோடு அதை இணைத்துச் சொல்லும் தெளிவான குறிப்பு பதினாறாம் நூற்றாண்டில், ஹாங்ஜோக்காரரான தியான் ரூசெங்கிடம் கிடைக்கிறது. அந்நாளில் மக்கள் நிலா அப்பத்தைப் பரிமாறிக்கொள்கிறார்கள், குடும்பம் ஒன்றுகூடுவதே அதன் பொருள் என்கிறார் அவர். 1593இல் பெய்ஜிங்கின் மாவட்ட அதிகாரி ஷென் பாங், பழப்பூரணம் வைத்த அப்பங்களில் ஒன்று பல நூறு காசுக்கு விற்பதை எழுதுகிறார். 1635இல் வந்த பெய்ஜிங் வருணனை நூல் இரண்டு அடி விட்டமுள்ள அப்பத்தைச் சொல்கிறது.

அந்த 1635ஆம் ஆண்டு நூலில்தான் வீட்டுப் படையலின் முழு விவரம் இருக்கிறது. நிலவு எழும் திசை நோக்கி வட்டமான பழங்களும் அப்பங்களும் வைக்கிறார்கள். தர்பூசணியைத் தாமரை இதழ்போல் விளிம்பு வெட்டுகிறார்கள். சந்தையில் 'நிலவொளித் தாள்' விற்கிறது: தாமரையில் அமர்ந்த நிலவொளிப் போதிசத்துவர், கீழே நிலவட்டத்தில் இலவங்க மர மாளிகை, அங்கே உலக்கையால் மருந்திடிக்கும் முயல். சிறியது மூன்று அங்குலம், பெரியது பத்தடி. வழிபாடு முடிந்ததும் தாளை எரித்துவிட்டு, படைத்ததை வீட்டார் பங்கிடுகிறார்கள். ஹான் கல்லறை முயலும் மகாயான பௌத்தமும் குடும்பப் பங்கீடும் ஒரே தாளைச் சுற்றிக் கூடிவிட்டன. தொன்மம் விழாவைப் பெற்றெடுக்கவில்லை. உருவான விழா தனக்கு வேண்டிய தொன்மத்தைத் தேடி எடுத்துக்கொண்டது.

வழிபட்டவர்கள் யார்? ஆண்கள் நிலவை வணங்குவதில்லை, பெண்கள் அடுப்புத் தெய்வத்துக்குப் படைப்பதில்லை என்பது பெய்ஜிங் வட்டாரத்தின் பழமொழி. நிலவு பெண்மையின் கூறு என்பதால் படையல் பெண்களின் பொறுப்பானது. குழந்தைகளுக்கும் தனி வழிபாடு இருந்தது: மனிதர்போல் உடுத்தி அமர்ந்த களிமண் முயலை அவர்கள் வணங்கியதை மிங் கால இறுதியின் குறிப்பொன்று சொல்கிறது. பின்னாளில் இந்த 'முயல் ஐயா' கவசமணிந்து புலிமேல் ஏறிவிட்டார்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. அதை மெழுகிவிடக் கூடாது. அதே 1635ஆம் ஆண்டு நூல், தாய்வீடு போயிருக்கும் பெண் அன்று கட்டாயம் கணவன் வீடு திரும்ப வேண்டும் என்கிறது. 'ஒன்றுகூடும் நாள்' என்ற பெயர் இதனால்தான். சொங் காலக் கவிஞர் சு ஷி 1076இல் பல ஆண்டு பார்க்காத தம்பியை நினைத்து எழுதிய புகழ்பெற்ற பாடலில் பிரிவு ஓர் ஏக்கம். மிங் குடும்பத்தில் கூடுதல் ஒரு கடமையாகிவிட்டது, கடமையின் சுமை மருமகள்மேல் விழுந்தது. படையல் அவளுடையது, அன்று எந்த வீட்டில் இருக்கலாம் என்ற முடிவு அவளுடையதில்லை. குடும்ப ஒற்றுமை என்று இவ்விழாவைப் புகழ்வோர் எந்தக் குடும்பம் என்றும் கேட்க வேண்டும்.

கிளர்ச்சிக் கதையின் காலம்

அப்பத்துக்குள் சீட்டு வைத்துக் குறித்த இரவில் மங்கோலியரைக் கொன்றார்கள் என்ற கதை பரவலானது. இக்கதைக்குச் சூத்திரதாரி சில இடங்களில் மிங் நிறுவனர் ஜூ யுவான்ஜாங்கின் ஆலோசகர் லியூ போவென், சில இடங்களில் கிளர்ச்சித் தலைவர் ஜாங் ஷிசெங். மங்கோலியர் ஆண்ட யுவான் கால நூல்களிலோ மிங் தொடக்க நூல்களிலோ இதற்கு ஆதாரமில்லை. நடந்த வரலாறும் இதற்கு இடம் தரவில்லை. செந்தலைப்பாகைக் கிளர்ச்சி 1351இல் வெடித்தது. மிங் அரசு நிறுவப்பட்டது 1368இல். ஓர் இரவில் முடிந்த செயல் எதுவும் அதில் இல்லை. மங்கோலியரின் தலைநகர் 1368 எட்டாம் மாதத்தில் வீழ்ந்தது என்பது உண்மை. ஆனால் நாள் இரண்டு, பதினைந்து அல்ல. தெற்கிலிருந்து படையோடு வந்த தளபதி சூ தா அதைக் கைப்பற்றினார். அப்பத்தை விழாவோடு இணைத்த தியான் ரூசெங்கும் கிளர்ச்சியைப் பேசவில்லை. கூடுதலையே காரணமாகச் சொன்னார்.

அப்படியானால் கதை எதைச் சொல்கிறது? மஞ்சு ஆட்சிக்கு எதிராகப் புரட்சி இயக்கங்கள் திரண்ட சிங் அரசின் இறுதி ஆண்டுகளில், அந்நியரை விரட்டுவது என்பதே முழக்கமாக இருந்தது. 1905இல் சுன் யாட்சென்னின் கூட்டமைப்பு எடுத்த உறுதிமொழியின் முதல் சொற்கள் அவை. அந்தச் சூழலில் மங்கோலியரை வென்ற கதைக்குப் புதுவலிமை கிடைத்தது என்று கொள்வதே பொருத்தம். ஃபூஜியான் மாநிலத்து ஷியாமென் நகரிலும் இதே போக்கைக் காணலாம். அங்கே ஆறு பகடைகளை உருட்டி, அரசுத் தேர்வுப் பட்டங்களின் பெயர்தாங்கிய 63 அப்பங்களை வெல்லும் விளையாட்டு நடக்கிறது: முதல் பட்டத்துக்கு ஒன்று, அடுத்தடுத்து 2, 4, 8, 16, 32. மஞ்சுக்களை எதிர்த்த ஜெங் செங்கோங்கின் வீரர்கள் வீட்டு நினைவை மறக்க உண்டாக்கியது என்று அதற்குத் தோற்றக்கதை சொல்கிறார்கள். பட்டங்களின் வரிசை ஒரு வணிக நகரத்தின் தேர்வுக் கனவைக் காட்டுகிறது. கதையோ ஓர் எதிர்ப்பு வீரரைக் காட்டுகிறது. தோற்றக்கதைகளைத் தோற்றத்துக்குச் சான்றாக எடுக்காமல், அவை சொல்லப்பட்ட காலத்துக்குச் சான்றாகப் படித்தால் அவற்றின் மதிப்பு குறையாது, கூடும்.

இருபதாம் நூற்றாண்டும் மீதிக் கேள்வியும்

குடியரசு அரசு 1914இல் இதை இலையுதிர்க்கால விடுமுறையாக வகைப்படுத்தியது. மக்கள் சீனம் 2006இல் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்து, 2008 முதல் பொதுவிடுமுறை ஆக்கியது. 2022இல் 500 யுவானுக்கு மேல் விலையுள்ள அப்பப் பெட்டிகள் கண்காணிப்புக்குள் வந்தன. அன்பளிப்பு என்ற பெயரில் கையூட்டு கைமாறுவதைத் தடுப்பதும் நோக்கம். ஷென் பாங் 1593இல் குறித்த உயர்ந்த விலைக்கு நீண்ட வாழ்வு. அப்பம் பெருகியிருக்கிறது, பெண்களின் நிலாப் படையல் பல நகரங்களில் காணாமல் போயிருக்கிறது.

நம்மிடம் உள்ள பதிவுகளில் மிகப் பெரும்பான்மை ஆண் அறிஞர்கள் எழுதியவை, அவையும் தலைநகரங்களைப் பற்றியவை. படையலிட்டவர்கள் அதை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பதற்கு நேரடிச் சான்று மிகக் குறைவு. இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யக்கூடியவை மிங், சிங் காலத்து வட்டார வரலாறுகள். ஆயிரக்கணக்கில் எஞ்சியிருக்கும் இந்நூல்கள் பலவற்றில் மாதவாரியாக ஊர் வழக்கங்கள் இருக்கின்றன. எட்டாம் மாதத்துக்கு இரண்டு மூன்று வரிகள் கிடைக்கும். எந்த மாவட்டத்தில் படையல் உண்டு, எங்கே அப்பம் மட்டும், எங்கே மருமகள் திரும்பியாக வேண்டும் என்று ஆண்டுவாரியாக வரைபடத்தில் குறித்தால், ஒன்றுகூடல் என்ற கருத்து ஹாங்ஜோவிலிருந்து வடக்கே போனதா, வடக்கிலும் தனியே முளைத்ததா என்பது தெளிவாகும். தியான் ரூசெங்கின் குறிப்பு பெய்ஜிங் குறிப்புகளுக்கு முந்தியது என்பதால் முதல் விடையின் பக்கம் நான் சாய்கிறேன். ஆனால் தெற்கில் ஒரு நூல், வடக்கில் இரண்டு நூல் என்ற அளவிலான ஆதாரத்தில் அதை முடிவாகச் சொல்ல இயலாது.